விதவையின் பெயரில் ஒரு பாட்டில்

உலகமெங்கும் கல்யாணங்களில் திறக்கப்படும் ஷாம்பெய்ன்களில் மஞ்சள் லேபிள் ஒட்டிய பாட்டில் ஒன்று உண்டு. அந்த லேபிளின் முதல் சொல்லுக்கு ‘விதவை’ என்று பொருள். வெவ் க்ளிக்கோ பொன்சார்தான். வெவ் என்றால் பிரெஞ்சில் கைம்பெண். க்ளிக்கோ, புருஷன் வீட்டுப் பெயர். பொன்சார்தான், அப்பா வீட்டுப் பெயர். மூன்று சொற்கள் இருந்தும் அந்தப் பெண்ணின் சொந்தப் பெயர் அதில் இல்லை. அவள் பெயர் பார்ப்-நிக்கோல்.

இது எனக்குத் தெரியவந்தது பாரிஸில். ஒரு ப்ராஜெக்ட்டுக்காக ஆறு வாரம் அங்கே இருந்தேன். ரிலீஸ் முடிந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீம் லீட் ஒரு பாட்டிலைத் திறந்தார். லேபிளில் இருப்பதை வாசிக்க முயன்று நாக்கு சுளுக்கியபோது, பக்கத்திலிருந்த பெண் உச்சரிப்பைச் சொல்லிக்கொடுத்துவிட்டு அர்த்தத்தையும் சொன்னார். “விதவைதான். நாங்க சும்மா ‘விதவை’ன்னே ஆர்டர் பண்ணுவோம்.” எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வருத்தமும் இல்லை. ஒரு சொல் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அதன் எடை எப்படி மாறிவிடுகிறது என்ற வியப்புதான். எங்கள் பக்கத்தில் கல்யாண வீட்டில் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லக்கூட மாட்டார்கள். இங்கே அதை ஐஸ் வாளியில் வைத்து, மாப்பிள்ளை பெண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.

அடுத்த சனிக்கிழமை கார் து லெஸ்த் ரயில் நிலையத்தில் டிக்கெட் எடுத்தேன். முக்கால் மணி நேரத்தில் ரான்ஸ் நகரம். ஆங்கிலம் வழியாக நாம் ரீம்ஸ் என்று எழுதும் ஊர். வைனைப் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. பழவாசனை, வெண்ணெய் வாசனை என்று ருசி பிரித்துச் சொல்பவர்களைப் பார்த்தால் கொஞ்சம் பயம்தான். அந்தச் சொல் எப்படி அந்த லேபிளில் ஏறியது என்று தெரிந்துகொள்ளவே போனேன்.

*

க்ளிக்கோ நிறுவனம் தொடங்கியது 1772இல். தொடங்கியவர் ஃபிலிப் க்ளிக்கோ. துணி வியாபாரி, வட்டிக்கடையும் உண்டு, பூஸி கிராமத்துப் பக்கம் கொஞ்சம் திராட்சைத் தோட்டம். வைன் அவருக்குச் சைடு பிசினஸ். அவருடைய ஒரே மகன் ஃப்ரான்ஸ்வா. 1777 டிசம்பரில் பிறந்த பார்ப்-நிக்கோல், அதே ஊரின் இன்னொரு பெரிய துணி முதலாளி நிக்கோலா பொன்சார்தானின் மகள். இரண்டு ஜவுளிக் குடும்பங்கள் 1798இல் சம்பந்தம் பண்ணிக்கொண்டன. பிரெஞ்சுப் புரட்சியின் சூடு இன்னும் ஆறாத நேரம். நம்மூரில் ‘தொழிலுக்குத் தொழில்’ பார்த்துச் செய்யும் கல்யாணம் மாதிரிதான் அதுவும்.

ஃப்ரான்ஸ்வாவுக்குத் துணியைவிட வைனில்தான் ஆசை. ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடித்தார். நெப்போலியன் காலத்துப் போர்களுக்கு நடுவே வியாபாரம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. 1805 அக்டோபரில் காய்ச்சலில் இறந்துபோனார். பார்ப்-நிக்கோலுக்கு அப்போது 27 வயது. ஆறு வயதில் ஒரு மகள், க்ளெமான்தீன்.

இதற்கு ஒரு வருடம் முன்னால், 1804இல், பிரான்சின் புதிய சிவில் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. நெப்போலியன் சட்டம் என்று உலகம் முழுக்கப் பெயர் பெற்றது. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று அதில் எழுதியே வைத்திருந்தார்கள். கல்யாணமான பெண் கணவன் சம்மதமில்லாமல் ஒப்பந்தம் போட முடியாது, சொத்தை விற்க முடியாது, வழக்குப் போட முடியாது. கல்யாணத்துக்கு முன்னால் அப்பா, பின்னால் புருஷன். பிரெஞ்சு மனைவிகள் கணவனிடம் கேட்காமல் வேலைக்குப் போகவும் தன் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கவும் 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. விதவை. அப்பாவின் பொறுப்பிலிருந்து ஏற்கெனவே வெளியே வந்தவள், புருஷன் போய்விட்டான், எனவே கேட்க வேண்டிய ஆள் யாரும் இல்லை. தன் பெயரில் கையெழுத்துப் போடலாம். கடன் வாங்கலாம், கொடுக்கலாம். ஆளை வேலைக்கு வைக்கலாம். சட்டம் எழுதியவர்கள் பெண்ணுக்குச் சுதந்திரம் கொடுக்க நினைத்து வைத்த வழி இல்லை இது. அவர்கள் யோசிக்காமல் விட்ட இடம். புரோகிராமர்கள் மொழியில் சொன்னால், ஒரு எட்ஜ் கேஸ்.

பார்ப்-நிக்கோல் அந்த எட்ஜ் கேஸுக்குள் நுழைந்து அறுபது வருஷம் வாழ்ந்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்பதற்குக் காதல், துக்கம் என்று எத்தனையோ காரணம் சொல்லலாம். ஆனால் மறுமணம் செய்திருந்தால், மாதா கோவிலை விட்டு வெளியே வந்த நிமிஷத்தில் அவருடைய கையெழுத்து செல்லாக்காசாகியிருக்கும். அந்தக் கணக்கு அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

மகன் போன துக்கத்தில் மாமனார் கம்பெனியை மூடிவிடலாம் என்றுதான் இருந்தார். மருமகள் போய்ப் பேசினார். அலெக்ஸாந்த்ர் ஃபூர்னோ என்ற அனுபவமுள்ள வைன் வியாபாரியோடு கூட்டுச் சேர்ந்து நான்கு வருஷம் நடத்திப் பார்க்கட்டும் என்று ஏற்பாடாயிற்று. அது பெரிய லாபம் பார்க்கவில்லை. கூட்டு 1810இல் முடிந்தது, ஃபூர்னோ தன் வழியில் போனார். அந்த வருஷம்தான் கம்பெனியின் பெயர் ‘வெவ் க்ளிக்கோ பொன்சார்தான்’ என்றானது. அதுவரை ஒரு பெண்ணின் நிலைமையைக் குறித்த சொல், அன்றிலிருந்து கடைப் பெயர்.

*

ஷாம்பெய்ன் செய்யும் முறை தெரியாதவர்களுக்காக ஒரு நிமிஷம். முதலில் சாதாரண வெள்ளை வைன். அதை பாட்டிலில் ஊற்றி, அளவாகச் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து இறுக்கி மூடிவிடுவார்கள். பாட்டிலுக்குள் இரண்டாவது தடவை நொதிக்கும். வரும் வாயு வெளியேற வழியில்லாமல் வைனிலேயே கரையும். ஏறக்குறைய 6 வளிமண்டல அழுத்தம், கார் டயருக்குள் இருப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு. அந்தக் காலத்துக் கண்ணாடிக்கு அது தாங்காது. ஒரு பாட்டில் வெடித்தால் பக்கத்திலிருப்பதும் வெடிக்கும். நிலவறைகளில் வேலை செய்தவர்கள் முகத்துக்கு இரும்புக் கம்பிக் கவசம் போட்டுக்கொண்டுதான் உள்ளே போனார்கள். சர்க்கரையை அளந்து சேர்க்கும் கணக்கை ஷாலோன் நகரத்து மருந்தாளுநர் ழான்-பாப்தீஸ்த் ஃப்ரான்ஸ்வா 1830களில் எழுதிவைத்த பிறகுதான் இந்தச் சேதம் குறையத் தொடங்கியது.

வெடிக்காமல் தப்பிய பாட்டிலில் இன்னொரு பிரச்சினை. செத்த ஈஸ்ட் அடியில் கசண்டாகத் தங்கிவிடும். அதை எடுக்காவிட்டால் வைன் கலங்கலாக இருக்கும். எடுக்கலாம் என்று திறந்தால் வாயு போய்விடும். பாட்டில் விட்டுப் பாட்டில் மாற்றி ஊற்றிப் பார்த்தார்கள். கசண்டு போனது, நுரையும் போனது.

க்ளிக்கோ வீட்டில் 1816 வாக்கில் இதற்கு ஒரு வழி பிறந்தது. மேஜைப் பலகையில் சாய்வாகத் துளைகள் போட்டு, பாட்டில்களைக் கழுத்து கீழே இருக்கும்படி செருகுவது. தினமும் ஒவ்வொரு பாட்டிலையும் லேசாக உலுக்கி, கொஞ்சமே கொஞ்சம் திருப்பி, மறுபடி செருகுவது. சில வாரங்களில் கசண்டு முழுக்க வழுக்கி மூடிக்கு மேல் வந்து உட்காரும். அப்போது சட்டென்று மூடியைத் திறந்தால், உள்ளிருக்கும் அழுத்தமே கசண்டைப் பீய்ச்சித் தள்ளிவிடும். குறைந்த அளவை நிரப்பி, புதுத் தக்கை போட்டால் கண்ணாடி மாதிரி தெளிந்த ஷாம்பெய்ன். பிரெஞ்சில் ‘ரெம்யுவாஜ்’ என்பார்கள். நாம் ‘பாட்டில் திருப்புதல்’ என்று வைத்துக்கொள்வோம். பாட்டிலில் நொதிக்கவைத்துத் தெளியவைக்கும் ஷாம்பெய்ன் எல்லாம் இன்றும் இந்த வழியில்தான் தெளிகிறது.

வீட்டுச் சமையலறை மேஜையில் அந்த அம்மா தானே துளை போட்டார் என்று ஒரு கதை உண்டு. கதைக்கு அது அழகு. நிலவறையைப் பார்த்துக்கொண்ட அந்த்வான் ம்யுல்லர் என்பவருக்கும் இதில் பெரிய பங்கு இருந்தது என்று வரலாறு எழுதுபவர்கள் சொல்கிறார்கள். யார் யோசனை எவ்வளவு என்பதைவிட என்னை ஈர்த்தது வேறு. இந்தக் கண்டுபிடிப்பில் புதுப் பொருள் எதுவும் கிடையாது. ஒரு பலகை, சில துளைகள், மிச்சமெல்லாம் உழைப்பு. தினமும், ஒவ்வொரு பாட்டிலையும், யாராவது ஒருவர் கையால் திருப்ப வேண்டும். யோசனை ஒரு தடவை வந்தால் போதும். மணிக்கட்டு தினமும் வர வேண்டும்.

கைதேர்ந்த ஒரு ‘ரெம்யூர்’ ஒரு நாளைக்கு 40,000 பாட்டில்கள் வரை திருப்புவார். இரண்டு கையிலும் இரண்டு பாட்டில், டக் டக் என்று, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், குளிரில். 1970களில் ‘ஜைரோபாலெட்’ என்ற இயந்திரக் கூண்டு வந்தது. 504 பாட்டில்களை ஒரே கூண்டில் அடுக்கினால், கை ஒன்றரை மாதம் செய்வதை ஒரு வாரத்தில் முடித்துவிடும். ருசியில் வித்தியாசம் தெரியாது என்கிறார்கள். பெரிய நிறுவனங்களில் கையால் திருப்புவது இப்போது சில விசேஷப் பாட்டில்களுக்கும், வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கும்தான்.

ஆட்டோமேஷனில் சம்பாதிப்பவன் நான். ஒரு ஸ்கிரிப்ட் எழுதி நாலு பேர் கையால் செய்ததை ராத்திரியோடு ராத்திரியாக முடிக்கவைப்பது என் பிழைப்பு. அதனால் ஜைரோபாலெட்டைப் பார்த்து நான் கண்ணீர் விட முடியாது. ஏறக்குறைய நூற்றைம்பது வருஷம் மணிக்கட்டு தேய்ந்ததற்கு அது ஒரு ஓய்வு என்றும் சொல்லலாம்.

*

தெளிந்த ஷாம்பெய்ன் மட்டும் போதாது, விற்க வேண்டுமே. 1811இல் வானத்தில் மாதக்கணக்கில் ஒரு பெரிய வால்நட்சத்திரம் தெரிந்தது. அந்த வருஷம் திராட்சை அருமையாக விளைந்தது. ‘வால்நட்சத்திர வைன்’ என்று அதற்குப் பெயரே வந்தது. ஆனால் போரினால் கடல்வழிகள் மூடிக்கிடந்தன. சரக்கு நிலவறையில் காத்திருந்தது. 1814 தொடக்கத்தில் ரஷ்யப் படைகள் ரான்ஸ் நகரத்துக்குள்ளேயே வந்துவிட்டன. படைகள் வைன் தேடி அலைந்தன.

நெப்போலியன் பதவி விலகியதும், மற்ற வியாபாரிகள் சமாதானம் உறுதியாகட்டும் என்று காத்திருந்தபோது, இந்த அம்மா காத்திருக்கவில்லை. 1814 ஜூனில் ‘ஸெஸ் கெப்ரோடர்ஸ்’ என்ற டச்சுக் கப்பலில் 10,550 பாட்டில்களை ஏற்றி, தன் விற்பனை முகவர் லூயி போனையும் கூடவே அனுப்பி, பால்டிக் கரையிலிருந்த கோனிக்ஸ்பெர்க் துறைமுகத்துக்கு அனுப்பிவைத்தார். கப்பல் போய்ச் சேர்ந்தது. பாட்டில்கள் சூட்டோடு சூடாக விற்றுத் தீர்ந்தன. ரஷ்யாவில் க்ளிக்கோ என்பதே ஷாம்பெய்னுக்கு இன்னொரு பெயரானது இங்கிருந்துதான். கடல் கவிழ்த்திருந்தால், இல்லை துறைமுகத்தில் பறிமுதல் செய்திருந்தால், இந்தக் கட்டுரையே இல்லை.

அந்தக் காலத்து ஷாம்பெய்ன் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு ஒரு சாட்சி பின்னாளில் கிடைத்தது. 2010இல் பின்லாந்தின் ஓலாந்து தீவுகள் அருகே, ஏறக்குறைய 50 மீட்டர் ஆழத்தில், மூழ்கிக்கிடந்த கப்பலில் 168 ஷாம்பெய்ன் பாட்டில்களை முக்குளிப்பவர்கள் கண்டெடுத்தார்கள். சுமார் 170 வருஷம் கடலடியில் கிடந்தவை. அவற்றில் க்ளிக்கோ பாட்டில்களும் இருந்தன. ஆராய்ந்து பார்த்தபோது லிட்டருக்கு 150 கிராம் அளவுக்குச் சர்க்கரை. இன்றைய ‘ப்ரூட்’ ஷாம்பெய்னில் 12 கிராமைத் தாண்டக்கூடாது. இன்றைக்கு நாம் ‘பாரம்பரியச் சுவை’ என்று நினைத்துக் குடிப்பதை அந்த அம்மாவின் வாடிக்கையாளர்கள் வாயில் வைத்திருக்கவே மாட்டார்கள்.

*

பாரம்பரியம் என்ற சொல் ரான்ஸ் நகரத்தில் எங்கும் காதில் விழும். 2015இல் ஷாம்பெய்ன் பகுதியின் மலைச்சரிவுகள், நிறுவனங்கள், நிலவறைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் வரும் சான்-நிக்கேஸ் குன்றின் அடியில்தான் ‘க்ரேயேர்’ எனப்படும் சுண்ணாம்புக் குழிகள். பழங்காலத்தில் கட்டடத்துக்காகச் சுண்ணாம்புக் கல் வெட்டியெடுத்த பள்ளங்கள். மேலே குறுகி, கீழே விரியும் கூம்பு மாதிரி. எந்தக் காலத்திலும் பத்துப் பன்னிரண்டு டிகிரிக் குளிர். க்ளிக்கோ நிறுவனத்திடம் இப்படி நானூறுக்கும் மேற்பட்டவை, சுரங்கப் பாதைகளால் இணைத்து. முதல் உலகப்போரில் ஜெர்மன் குண்டுகள் நகரத்தைத் தரைமட்டமாக்கியபோது ரான்ஸ் மக்கள் இந்த மாதிரி ஷாம்பெய்ன் நிலவறைகளில்தான் ஒண்டிக்கொண்டார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் கீழேயே நடந்தது.

வழிகாட்டிப் பெண் எங்களைப் படியிறக்கிக் கூட்டிப்போனார். ஸ்வெட்டர் இருந்தும் காது சில்லென்றது. ஒவ்வொரு திருப்பத்திலும் ‘மதாம் க்ளிக்கோ’ வந்துகொண்டே இருந்தார். மதாம் துணிந்தார், மதாம் கண்டுபிடித்தார், மதாம் சொன்னார். இந்தக் குழிகளை நிறுவனம் வாங்கியதோ 1909இல். அவர் இறந்தது 1866இல். அவர் ஒருநாளும் தன்னுடையதாக வைத்திராத இடத்தில் நின்றுகொண்டு நாங்கள் அவரைத் தரிசித்துக்கொண்டிருந்தோம். இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். பாரம்பரியம் இப்படித்தான் வேலை செய்கிறது. பல கைகள், பல காலம், எல்லாவற்றையும் ஒரே முகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. ஒரு முகத்தைத்தானே லேபிளில் போட முடியும்?

ஒன்று மட்டும் என்னை நிறுத்திவைத்தது. அந்தச் சுண்ணாம்புச் சுவர்களில் ஆங்காங்கே சில பெயர்ப் பலகைகள். பல பத்தாண்டுகள் அங்கே வேலை செய்த ஊழியர்களின் பெயர்களைக் குழிகளுக்கு வைத்திருக்கிறார்கள். ராஜாக்கள் பெயர் இல்லை, முதலாளிகள் பெயர் இல்லை. கூட வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். நான் நின்று ஒரு பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தேன். யாரென்று தெரியாது. ஆனால் யாரோ ஒருவர்.

பார்ப்-நிக்கோல் கம்பெனியைத் தன் மகளுக்குக் கொடுக்கவில்லை என்பதையும் அங்கேதான் யோசித்தேன். க்ளெமான்தீனைப் பிரபுக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார், மார்ன் பள்ளத்தாக்கில் பூர்சோ மாளிகையைக் கட்டினார். தொழிலை மட்டும், ஜெர்மனியிலிருந்து வேலைக்கு வந்து படிப்படியாக உயர்ந்த எதுவார் வெர்லேயிடம் விட்டார். சட்டத்தின் சந்து அவர் ஒருத்தி நுழையும் அளவுக்குத்தான் இருந்தது. புருஷனோடு இருந்த மகளுக்கு அந்த வழி கிடையாது. அவருக்குப் பிறகும் பொம்மெரி, லோரான்-பெரியே, பொலாஞ்செ என்று ஷாம்பெய்ன் பகுதியில் பெரிய பெயரெடுத்த பெண்களைப் பாருங்கள். லூயீஸ் பொம்மெரி 1858இல் கணவனை இழந்தவர். லில்லி பொலாஞ்செ 1941இல். வரிசையாக விதவைகள். இதை ‘ஷாம்பெய்ன் பெண்களின் துணிச்சல்’ என்று சொல்கிறார்கள். துணிச்சல் உண்மைதான். ஆனால் அதே துணிச்சல் இருந்து, புருஷன் தீர்க்காயுசாக இருந்த பெண்களின் பட்டியல் எங்கே? அது எந்தச் சுவரிலும் இல்லை.

*

இதை வாசிக்கிற யாருக்கும் ஒரு பெண்மணி ஞாபகத்துக்கு வந்திருப்பார். எனக்கு வந்தவர் தாத்தாவின் தங்கை. அத்தைப் பாட்டி என்போம். காங்கேயம் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். புருஷனுக்கு எண்ணெய்ச் செக்கு. அவர் போனபோது பாட்டிக்கு முப்பதுகூட ஆகவில்லை. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, மாடு பூட்டிய செக்கை மோட்டார்ச் செக்காக்கி, நாற்பது வருஷம் நடத்தினார். எள்ளைக் கையில் அள்ளி முகர்ந்தே ஈரம் சொல்லிவிடுவார். ஆட்டிய எண்ணெயை அண்டாவில் ஊற்றி வெயிலில் வைத்துத் தெளியவிடுவார். யாரையும் தொடவிட மாட்டார். “ஆட்டாம இருங்கடா, கசண்டு எந்திரிச்சுக்கும்.” எனக்கு அந்தச் சொல் அங்கே கிடைத்ததுதான்.

கடை போர்டில் இருந்தது மகன் பெயர். அந்த மகன் போர்டு எழுதும்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தார். சுற்றுவட்டாரத்தில் கல்யாணம் என்றால் பலகாரத்துக்கு எண்ணெய் பாட்டி செக்கிலிருந்துதான் போகும். எண்ணெய் மணவறைக்குப் பத்தடி தூரத்தில் கொதித்துக்கொண்டிருக்கும். பாட்டி வர மாட்டார். வந்தாலும் பின்கட்டில் காய் நறுக்கும் இடத்தோடு சரி. என் அக்கா கல்யாணத்தில் நான் கையைப் பிடித்து இழுத்தேன். “நானெதுக்கு கண்ணு முன்னால வாரது? எண்ணெய் போயிருச்சில்ல, அது போதும்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

பார்ப்-நிக்கோலோடு பாட்டியை ஒப்பிட்டுப் பெருமைப்பட எனக்கு ஆசை இல்லை. ஒருவர் கோடீஸ்வரர் வீட்டு மகள், மாமனார் பணம் பின்னால் இருந்தது. இன்னொருவர் கடன் வாங்கி மோட்டார் போட்டவர். ஆனால் இருவருக்கும் கதவைத் திறந்தது ஒரே சாவு. ஒரு ஊரில் அந்தச் சொல் கடையின் முன்புறம் ஏறி, கல்யாண மேஜைக்கு வந்தது. இன்னொரு ஊரில் அதே சொல் ஆளைப் பின்கட்டில் உட்காரவைத்தது. பிரான்ஸ் முன்னேறிய நாடு, நாம் பின்தங்கியவர்கள் என்று இதை முடித்துவிடலாம்தான். ஆனால் சட்டப்படி பிரெஞ்சு மனைவியைவிடப் பிரெஞ்சு விதவைக்குச் சுதந்திரம் அதிகம் என்றிருந்த சமூகத்தை எந்த அர்த்தத்தில் முன்னேறியது என்பது? இரண்டு இடத்திலும் பெண் தன் வேலையைச் செய்ய ஒரு ஆண் சாக வேண்டியிருந்தது.

*

ஷாம்பெய்ன் சட்டதிட்டங்களில் ஒன்று, திராட்சையைக் கையால்தான் பறிக்க வேண்டும் என்பது. குலை சிதையாமல் ஆலைக்கு வர வேண்டும், இயந்திரம் கூடாது. இதுவும் பாரம்பரியத்தின் பெருமைகளில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. ஏறக்குறைய 34,000 ஹெக்டேர் தோட்டத்தை, செப்டம்பரில் சில வாரங்களுக்குள் பறித்தாக வேண்டும். அதற்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு லட்சம் பேருக்கும் மேல் தேவை. பாட்டில் திருப்ப இயந்திரம் வந்துவிட்டது. பறிப்பதற்கு வரவில்லை, வரவும் விடமாட்டார்கள்.

2023 செப்டம்பர் அறுவடையின்போது கடும் வெயில். தோட்டங்களில் வேலை செய்தவர்கள் சிலர் இறந்தார்கள். அதே மாதம் மார்ன் பள்ளத்தாக்கில் நெல்-லெ-ரப்போன் என்ற சிறு கிராமத்தில் ஒரு வீட்டில் 57 பேர் அடைபட்டதுபோல் தங்கவைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள், கையில் தாள் இல்லாதவர்கள். அழுக்கு, ஆபத்தான மின்கம்பிகள், சரியான சாப்பாடு இல்லை. கூட்டிவந்தது ஆள் பிடித்துக்கொடுக்கும் ஒரு ஒப்பந்த நிறுவனம். 2025 ஜூலையில் ஷாலோன் நீதிமன்றம் ஆள்கடத்தல் குற்றத்துக்காக அதை நடத்தியவருக்குச் சிறைத் தண்டனை விதித்தது. க்ளிக்கோ நிறுவனத்துக்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்தக் கிராமமும் பூர்சோ மாளிகையும் ஒரே பள்ளத்தாக்கில்தான் இருக்கின்றன. தோட்டச் சரிவுகளின் அழகுக்கு யுனெஸ்கோ கொடுத்த பட்டயம் இரண்டுக்கும் பொதுவான பெருமைதான். அப்படியானால் வெட்கம்?

இன்று வெவ் க்ளிக்கோ எல்.வி.எம்.எச். குழுமத்தின் ஒரு பிராண்ட். தொழில்முனையும் பெண்களுக்கு 1972 முதல் விருது கொடுக்கிறார்கள். நல்ல விஷயம். அந்த விருதைப் பெறுபவர்கள் விதவையாக இருக்க வேண்டியதில்லை என்பதும் நல்ல விஷயம். அந்த அம்மா இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று எழுதத் தோன்றுகிறது, ஆனால் எனக்கு அவரைத் தெரியாது. அவர் கணக்குப் புத்தகக்காரர். என் பாட்டி மாதிரி ஒருவேளை, “சரக்கு போயிருச்சில்ல?” என்றுதான் கேட்டிருப்பார்.

நிலவறைச் சுற்றின் முடிவில் ஒரு கிளாஸ் கொடுத்தார்கள். குமிழிகள் அடியிலிருந்து நூல் நூலாக ஏறின. சுட்ட ரொட்டி வாசனை மாதிரி ஒன்று வந்தது. கற்பனையோ என்று வழிகாட்டியிடம் கேட்டேன். கற்பனை இல்லை என்றார். விதிப்படி ஷாம்பெய்ன் பாட்டிலில் குறைந்தது 15 மாதம் இருக்க வேண்டும், அதில் 12 மாதம் கசண்டோடு. குறிப்பிட்ட ஒரே வருஷத்து ஷாம்பெய்ன் என்றால் மூன்று வருஷம். அந்தக் காலத்தில் செத்த ஈஸ்ட் செல்கள் மெல்ல உடைந்து வைனுக்குள் கரைகின்றன. அந்த ரொட்டி வாசனை, நாக்கில் தங்கும் அந்த வழவழப்பு எல்லாம் கசண்டு கொடுத்தவை. கடைசியில் பாட்டிலின் கழுத்தை உறையவைத்து, மூடியைத் திறந்து, கசண்டை ஒரு பனிக்கட்டித் துண்டாகத் துப்பவைத்துவிடுகிறார்கள். பிறகு லேபிள் ஒட்டுகிறார்கள்.

சில தயாரிப்பாளர்கள் பாட்டிலின் பின்பக்கத்தில், சின்ன எழுத்தில், கசண்டு நீக்கிய தேதியைப் போடுகிறார்கள். ரான்ஸ் போய்வந்த பிறகு, எங்காவது ஷாம்பெய்ன் பாட்டிலைக் கண்டால் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு, திருப்பி அந்தத் தேதி இருக்கிறதா என்று தேடுகிறேன்.